கடற்காற்றில் புகை வாடை

பாறசாலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் ஒரு மாசி மாதத்தைக் கழித்தவர்களுக்கு இந்தப் புதிர் தெரிந்திருக்கும். மழை ஓய்ந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் துளிர் விட்டுக்கொண்டிருக்கும். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் நீலம் இல்லை, வெளிறிக் கிடக்கிறது. கிழக்கே தெளிவாகத் தெரிய வேண்டிய மலைத்தொடர் பாதி அழிந்து தெரிகிறது. சூரியன் மறைவதற்கு வெகு முன்பே சிவந்துவிடுகிறது. காற்றில் லேசான புகை வாடை. மொட்டை மாடியில் ஏறிச் சுற்றிலும் பார்த்தால் எங்கும் தீ இல்லை.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. புகை வாடை சில நாட்களில் கடல் பக்கமிருந்து வீசும் காற்றோடு வருகிறது. காடு இருப்பது வடக்கிலும் வடகிழக்கிலும், அகத்தியர்மலைச் சரிவுகளில். கடலோ தென்மேற்கே, பொழியூர், பூவாறு தாண்டி. எரிவதற்கு எதுவுமில்லாத கடலிலிருந்து புகை எப்படி வரும்?

இந்தக் கேள்விக்கு விடை தேட நமக்கு மூன்று சாட்சிகள் தேவை: வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள், காற்றின் போக்கைச் சொல்லும் வானிலைத் தரவு, தரையில் நின்று காற்றை உறிஞ்சிப் பார்க்கும் கருவி. மூன்றில் எந்த ஒன்றை மட்டும் நம்பினாலும் தவறான ஊரைக் குற்றம் சொல்லிவிடுவோம்.

ஒரு நாளில் ஒரு சாண்

புகை என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. எரியும் இலையிலிருந்து வெளிவரும் நீராவி, கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு ஆகியவை கண்ணுக்குத் தெரியாதவை. கண்ணுக்குத் தெரிவது அவற்றோடு கலந்து மிதக்கும் நுண்துகள்கள்: எரிந்தும் எரியாமலும் போன கரி, தாவர எண்ணெய்கள் குளிர்ந்து உறைந்த துளிகள், சாம்பல் உப்புகள். காற்றில் மிதக்கும் இத்தகைய துகள்கள் எல்லாவற்றையும் இந்த நூலில் 'வளித்துகள்' என்று அழைப்போம்.

புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. 0.2 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு துகள் அசையாத காற்றில் தானாகக் கீழே விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் அது இறங்கியிருக்கும் தூரம் சுமார் ஒரு சாண். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! நடைமுறையில் மழை அதைக் கழுவி இறக்கிவிடுகிறது. மழை பெய்யாத மாதங்களில் ஒரு வாரம்வரை அது காற்றோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

எனவே புகைக்குத் தனக்கென்று ஒரு பயணம் இல்லை. காற்று போகும் இடமே அது போகும் இடம். காற்றை அறிந்தால் புகையை அறியலாம். புகையைப் பார்த்தால் காற்றை அறியலாம்.

தும்பாவின் ஆரஞ்சு மேகம்

இந்த இரண்டாவது வழி நம் பகுதியில்தான் மிக அழகாகப் பரிசோதிக்கப்பட்டது. பாறசாலையிலிருந்து நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 மாலை அங்கிருந்துதான் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட். அதன் தலையில் பிரான்ஸ் தந்த சோடியம் ஆவிக் கலம். தரையில் இருட்டிவிட்டது, மேலே மிக உயரத்தில் வெயில் இன்னும் படுகிறது என்ற அந்தச் சிறிய நேரத்தைப் பார்த்து ஏவினார்கள். உயரே கசிந்த சோடியம் ஆவி வெயில் பட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது.

அது வேடிக்கைக்காகச் செய்ததல்ல. நேராகக் கிளம்பிய அந்த ஒளிக்கோடு சில நிமிடங்களில் வளைந்து நெளிந்தது. ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை அந்த நெளிவே எழுதிக் காட்டியது. பல இடங்களில் நிறுத்திய கேமராக்களால் அதைப் படம் பிடித்து, படங்களை ஒப்பிட்டு, வேறெந்தக் கருவியும் எட்டாத உயரத்துக் காற்றை அளந்தார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் காட்டுத்தீப் புகையைத் தொடர்வதும் இதே வேலைதான். வேறுபாடு ஒன்றே: அன்று புகையை நாமே விட்டோம், எங்கே விட்டோம் என்று தெரியும், காற்றைத்தான் தேடினோம். இன்று காற்றை ஓரளவு அறிவோம், புகை கிளம்பிய இடத்தைத் தேடுகிறோம்.

வெப்பத்தின் நிறம்

முதலில் தீ. பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒரு செயற்கைக்கோளுக்கு மலைச்சரிவில் எரியும் புல் எப்படித் தெரிகிறது?

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ற ஒளியை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பகல் வெயிலில் கிடக்கும் நிலத்தின் ஒளி, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில், 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அதிகமாக இருக்கும். சூடு ஏற ஏற அலைநீளம் குறையும். எரியும் புல்லும் சருகும் 4 மைக்ரோமீட்டரை ஒட்டிப் பிரகாசிக்கின்றன. செயற்கைக்கோள் ஒரே இடத்தை இந்த இரண்டு அலைநீளங்களிலும் ஒரே நொடியில் படம் எடுக்கிறது. சுற்றியுள்ள இடங்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல், ஒரு புள்ளியில் மட்டும் 4 மைக்ரோமீட்டர் ஒளி எகிறி நின்றால் அங்கே தீ.

இந்த வேறுபாடு அவ்வளவு கூர்மையானது. நாசாவின் டெரா (1999), அக்வா (2002) செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் தீப்புள்ளி ஒரு கிலோமீட்டர் சதுரம். ஆனால் வானம் தெளிவாக இருந்தால், அந்தச் சதுரத்துக்குள் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் கொழுந்துவிட்டு எரியும் தீயைக்கூட அது உணர்ந்துவிடும். 2011 முதல் வந்த சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகியவற்றில் உள்ள விர்ஸ் கருவிக்குப் புள்ளியின் அளவு 375 மீட்டர். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகைய புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு எச்சரிக்கையாக அனுப்பிவருகிறது. பதிவு செய்துகொண்டவர்களின் செல்பேசிக்கே குறுஞ்செய்தி வரும்.

ஆனால் இவை எந்நேரமும் நம் தலைக்கு மேலே நிற்பவை அல்ல. வடமுனை, தென்முனை வழியாகப் பூமியைச் சுற்றுபவை. விர்ஸ் கருவி கொண்ட மூன்றும் பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை, பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டி ஒரு முறை என ஒன்றுக்கொன்று சிறிது இடைவெளியில் கடக்கின்றன. இடையில் பன்னிரண்டு மணி நேரம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போயிருந்தவர்களைப் பிற்பகலில் தீ சூழ்ந்தது. அன்றும் அதன் பின்னும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்தை மணிக்கணக்கில் வைத்து அளக்க முடியாது, நிமிடக்கணக்கில்தான் அளக்க முடியும். அந்தச் சாவுகளை நினைக்கும்போது, நாளுக்குச் சில படங்கள் என்பது எவ்வளவு குறைவு என்று மனம் கனக்கிறது.

புகையா, மேகமா, மூடுபனியா

2019 பிப்ரவரி 21 தொடங்கி ஐந்து நாட்கள் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகம் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் இறைத்தன. ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எரிந்த பரப்பைக் கணக்கிட்டது: சுமார் 4,400 ஹெக்டேர். இத்தகைய ஒரு தீ படத்தில் மூன்று விதமாகப் பதிகிறது. எரியும்போது வெப்பப் புள்ளி; கூடவே புகையின் வால்; அணைந்த பிறகு கருகிய தழும்பு. முதலாவதும் மூன்றாவதும் நிலத்தில் அசையாமல் இருப்பவை. இரண்டாவதுதான் நகர்வது, கலைவது, மற்றவற்றோடு குழம்புவது.

மேலிருந்து பார்த்தால் புகை, மேகம், மலைப்பள்ளத்து மூடுபனி மூன்றும் வெளுப்பாகத்தான் தெரியும். பிரிப்பதற்கு அவற்றின் துகள் அளவு உதவுகிறது. மேகத் துளி சுமார் 10 மைக்ரோமீட்டர். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் சிதறடிக்கும், அதனால் வெள்ளை. புகைத் துகள் அதைவிடப் பல மடங்கு சிறியது. நீலத்தை அதிகம் சிதறடிக்கும், அதனால் இருண்ட காட்டின் மேல் நீலச்சாம்பல் நிறம். அலைநீளத்தைக் கூட்டி 2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் அதே இடத்தைப் பார்த்தால் மேகம் அப்படியே நிற்கும், புகை ஏறக்குறைய மறைந்துபோகும். கீழே எரியும் தீயின் விளிம்பு பளிச்சென்று தெரியும். தீயணைப்போருக்கு இந்த ஒரு படம் மிகப் பெரிய உதவி.

இன்னொரு வழி புற ஊதா. காற்று மூலக்கூறுகள் புற ஊதாவை ஏராளமாகச் சிதறடித்து மேலே திருப்பி அனுப்புகின்றன. நடுவில் புகை இருந்தால், கீழிருந்து வரும் அந்த ஒளியில் ஒரு பங்கைக் கரி விழுங்கிவிடும். வர வேண்டிய ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்தாலே புகையின் இருப்பு தெரியும். இதற்கு 'புற ஊதாப் புகைக்குறி' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 2017 அக்டோபரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-5பி நாள்தோறும் இந்தக் குறியை உலகம் முழுவதற்கும் வரைகிறது. கார்பன் மோனாக்சைடையும் அளக்கிறது. இதன் சிறப்பு, மேகத்தின் மேல் ஏறிக் கிடக்கும் புகையையும் பிரித்துக் காட்டும். இதன் குறை, தரையை ஒட்டிக் கிடக்கும் புகையை மிகக் குறைவாகவே உணரும். இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஒரு மாசிப் பிற்பகல்

இப்போது கணக்கு. நடந்த ஒரு நாளின் பதிவு அல்ல. நாமே அமைத்துக்கொள்ளும் நாள். ஆனால் தூரங்கள் உண்மையானவை, காற்றின் வேகங்கள் இந்தப் பகுதியில் அந்த மாதத்தில் இயல்பானவை.

மேகமற்ற பகல். அகத்தியர்கூடம், 1,868 மீட்டர் உயரம், பாறசாலைக்கு வடக்கும் வடகிழக்கும் கலந்த திசையில் சுமார் 33 கிலோமீட்டர். அதன் தாழ்ந்த சரிவொன்றில், பாறசாலையிலிருந்து 30 கிலோமீட்டரில், பகல் ஒரு மணிக்குப் புல் பற்றுகிறது. தீயின் சூடும் பகல் வெயிலின் சூடும் சேர்ந்து புகையை ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்குகின்றன. அந்த உயரத்தில் காற்று வடகிழக்குப் பக்கமிருந்து நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். அது அன்றைக்குப் பாறசாலையை நோக்கியே வீசுவதாக வைத்துக்கொள்வோம்.

1.30: முனைச் செயற்கைக்கோள் கடக்கிறது. தீப்புள்ளி பதிகிறது. புகையின் வாலோ அப்போது 9 கிலோமீட்டர்தான் நீண்டிருக்கும். இந்த ஒரு படத்தை மட்டும் கையில் வைத்திருப்பவர், பாறசாலைக்கும் இந்தத் தீக்கும் தொடர்பில்லை என்றுதான் சொல்வார்.

இங்கே நமக்குக் கைகொடுப்பவை இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் போன்றவை. நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டரில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பவை. இதைப் 'புவிநிலை' என்பார்கள். அரை மணிக்கு ஒரு படம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு புள்ளி ஒரு கிலோமீட்டர். நம் புகை அரை மணியில் 9 கிலோமீட்டர் நகர்கிறது, ஆகவே ஒவ்வொரு படத்திலும் வால் ஒன்பது புள்ளிகள் நீள வேண்டும். 2 மணிக்கு 18 கிலோமீட்டர், நெய்யாறு அணையைத் தாண்டிவிட்டது. 2.30-க்கு 27. மூன்று மணிக்குள் பாறசாலையைக் கடந்துவிட்டது. 3.30-க்குக் கடலின் மேல்.

மூன்று மணிக்குப் பாறசாலைச் சந்தியில் நிற்பவருக்கு என்ன தெரியும்? வெயில் மங்கும். வாடை எதுவும் வராது. ஏனென்றால் தரையில் அப்போது வீசுவது கடற்காற்று. பகலில் நிலம் கடலைவிடச் சூடாகிறது. நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. அதன் தடிமன் சில நூறு மீட்டர் தொடங்கி ஒரு கிலோமீட்டர் வரை. கீழே தென்மேற்கிலிருந்து சுத்தமான காற்று. அதன் தலைக்கு மேல், எதிர்த்திசையில் புகை. ஒரே ஊரின் மேல் இரண்டு காற்றுகள்.

மாலை ஆறரை. சூரியன் மறைகிறது. தீ தணிந்து புகைந்துகொண்டிருக்கிறது. தூக்கிவிட வெயில் இல்லாததால் புகை மேலே ஏறுவதில்லை. மலைச்சரிவு சீக்கிரம் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, நெய்யாற்றுப் பள்ளத்தாக்கு வழியே கீழே வழிகிறது. கடற்காற்று ஓய்ந்து, நிலக்காற்று கிளம்புகிறது. வேகம் நொடிக்கு 2 மீட்டர்தான், மணிக்கு 7 கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரவு பத்தே முக்கால், பதினொரு மணிக்கு ஜன்னல் வழியே புகை வாடை வருகிறது. பகலில் தலைக்கு மேல் போன புகை இல்லை இது. தீ அடங்கிய பிறகு எழுந்த, பார்ப்பதற்கு அற்பமான புகை. ஆனால் மூக்கை எட்டியது இதுதான்.

கடற்கரை இன்னும் 10 கிலோமீட்டர். நள்ளிரவுக்குப் பின் புகை பொழியூர், பூவாறு தாண்டிக் கடலுக்குள் போகிறது. அங்கே போய் மறைந்துவிடுவதில்லை. நீரின் மேல் தாழ்வாகப் படர்ந்து கிடக்கிறது. விடிந்து, நிலம் சூடாகி, பத்து மணிக்குமேல் கடற்காற்று மறுபடி கிளம்பும்போது, கரையை ஒட்டிக் கிடந்த அந்தப் புகையையே அது உள்ளே இழுத்து வருகிறது. மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த புகை, பாறசாலைக்கு வர ஒன்றரை மணி நேரம் போதும். கடலிலிருந்து வரும் புகை என்பது நேற்றைய மலையின் புகை.

மூக்கில் வாடை பட்ட நேரத்திலிருந்து காற்றைத் தலைகீழாக ஓட்டி, மணிக்கு மணி பின்னால் போய்ப் பார்க்கும் இந்த முறைக்குப் 'பின்னோக்குப் பாதை' என்று பெயர். அமெரிக்க வளிமண்டல ஆய்வகம் ஒன்று உருவாக்கிய ஹைஸ்ப்ளிட் என்ற மென்பொருள் இதை உலகின் எந்த இடத்துக்கும் செய்து தரும். யாரும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எந்த உயரத்துக் காற்றை ஓட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். மேலே பார்த்த நாளுக்கு மறுநாள் காலை பதினொன்றரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தைக் கொடுத்தால் பாதை மலைக்குப் போகும்; ஐம்பது மீட்டரைக் கொடுத்தால் முதலில் கடலுக்குப் போய், வளைந்து, பிறகே மலைக்குத் திரும்பும். மென்பொருள் கையாளும் காற்றுத் தரவு பல கிலோமீட்டர் கட்டங்களாக இருந்தால் இந்தச் சிறிய வளைவையே அது தவறவிடும். கடலும் மலையும் நாற்பது கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் நம் நிலத்தில் இது சின்னக் குறை அல்ல.

உயரம் சொல்லும் பச்சைக் கதிர்

மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே கொடிகளில் காயும் துணிகள் தெரியும். எது மேல்கொடியில், எது கீழ்க்கொடியில் என்பது தெரியாது. செயற்கைக்கோள் படத்தின் சிக்கலும் அதுவே. மேலிருந்து கீழ்வரை உள்ள எல்லாப் புகையையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது. அந்த எண்ணைப் 'புகைத்தடிமன்' எனலாம். அது 0.5 ஆனால் சூரியனிலிருந்து நேரே வரும் ஒளியில் சுமார் 60% தரையை எட்டும். 1 ஆனால் 37% மட்டுமே. அந்தத் தடிமன் முழுவதும் இரண்டு கிலோமீட்டர் மேலே இருக்கலாம், அல்லது நம் நுரையீரல் மட்டத்திலேயே இருக்கலாம். எண் ஒன்றுதான்.

இதைத் தீர்க்க 2006 ஏப்ரலில் காலிப்சோ என்ற செயற்கைக்கோளை நாசாவும் பிரான்ஸும் ஏவின. அது பச்சை நிற லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் ஒளி எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு அடுக்கின் உயரத்தையும் சொன்னது. 2023 ஆகஸ்ட்டில் அதன் பணி முடிந்தது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர், ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து செய்தது, இப்போது அந்த வேலையைத் தொடர்கிறது. ஆனால் லேசர் பார்ப்பது ஒரு மெல்லிய கோட்டை மட்டும். அந்தக் கோடு நம் ஊரின் மேல் விழும் நாளும் தீ எரியும் நாளும் ஒன்றாக அமைவது அரிது.

இந்த உயரத்தின் வலிமையை உலகம் கண்டது ஆஸ்திரேலியாவில். 2019 முடிவிலும் 2020 தொடக்கத்திலும் அங்கே எரிந்த காட்டின் புகை, மேகத்தைக் கிழித்து மேலே போய், ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு சுழலாக உருண்டு, வெயிலில் கரி சூடாகச் சூடாகச் சுமார் 35 கிலோமீட்டர் உயரம்வரை ஏறியது. மாதக்கணக்கில் அது கலையவில்லை. நம் புல்தீ அந்த வகை அல்ல. ஆனாலும் தரையிலிருந்து சில நூறு மீட்டர் ஏற்ற இறக்கமே ஒரு தாலுகாவின் மூச்சைத் தீர்மானிக்கிறது.

தொலைவிலிருந்து வருவது

எல்லாப் புகையும் அகத்தியர்மலையிலிருந்து வருவதல்ல. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை 'இண்டோயெக்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வில் விமானங்களும் கப்பல்களும் செயற்கைக்கோள்களும், மாலத்தீவின் காசிதூ தீவில் அமைத்த ஆய்வகமும் ஒன்றாக இந்தியப் பெருங்கடலின் காற்றை அளந்தன. தமிழகத்தில் பிறந்த வீ. ராமநாதனும், வேதியியலுக்கு நோபல் பெற்ற பால் குருட்சனும் இதை வழிநடத்தியவர்கள். பனிக்காலத்தில் துணைக்கண்டத்திலிருந்து கிளம்பும் பழுப்பு மூட்டம் தரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரம்வரை தடித்து, வடகிழக்குக் காற்றில் மிதந்து, நிலநடுக்கோட்டையும் தாண்டித் தெற்கே போவதை அவர்கள் கண்டார்கள். கேரளத்தின் தென்முனை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. நம் வெளிறிய வானத்தில் ஒரு பங்கு இந்த மூட்டம்.

அந்த மூட்டத்தில் விறகுப் புகை எவ்வளவு, டீசல் புகை எவ்வளவு? செயற்கைக்கோளுக்கு இதைச் சொல்லத் தெரியாது. கார்பன்-14 சொன்னது. உயிருள்ள மரத்தில் இந்தக் கதிரியக்கக் கார்பன் சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த பெட்ரோலியத்திலும் நிலக்கரியிலும் எல்லாம் சிதைந்து தீர்ந்திருக்கும். மாலத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் காற்றிலிருந்து வடிகட்டிய கரியை ஸ்வீடன் நாட்டவரான குஸ்டாஃப்சனும் மற்றவர்களும் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை விறகு, சாணம், வைக்கோல், காடு ஆகியவை எரிந்ததால் வந்தது. அடுப்பும் வயலும் காடும் சேர்ந்த கணக்கு அது.

படம் எடுக்காத நேரம்

மூன்றாவது சாட்சியான தரைக் கருவி தும்பாவிலேயே இருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் 2000-ஆம் ஆண்டு முதல் திருவனந்தபுரத்துக் காற்றில் உள்ள கரியைத் தொடர்ந்து அளந்துவருகிறது. காற்றை ஒரு வடிதாளின் வழியே உறிஞ்சி, தாள் எவ்வளவு கறுக்கிறது என்று ஒளியால் பார்க்கும் கருவி அது. டிசம்பர் முதல் மார்ச் வரை கரி அதிகம், தென்மேற்குப் பருவமழையில் மிகக் குறைவு. இதை யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஒரே நாளுக்குள் அது ஏறி இறங்கும் விதத்தைப் பாருங்கள்: இரவின் முற்பகுதியில் ஒரு உச்சம், சூரியன் உதித்த சற்று நேரத்தில் இன்னொரு உச்சம், பிற்பகலில் மிகக் குறைவு.

காரணம், காற்று கலக்கும் உயரம். வெயில் நேரத்தில் தரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர்வரை காற்று கிளறப்படுகிறது. இரவில் 200 மீட்டரே. அதே அளவு சருகை எரித்தால் இரவில் அதன் புகை ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடைபடும், அதாவது ஐந்து மடங்கு அடர்த்தி. விடிந்ததும் நிலம் சூடாகத் தொடங்க, இரவில் சற்று உயரத்தில் தேங்கியிருந்த புகையும் கிளறிக் கீழே இறக்கப்படுகிறது. காலை உச்சம் அதனால்.

இப்போது இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விர்ஸ் கருவிகள் கடப்பது பிற்பகல் ஒன்றரைக்கு, அதாவது தரையில் புகை மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில். சென்டினல்-5பி கடப்பதும் அதே நேரத்தை ஒட்டித்தான். தரையை ஒட்டிய புகையை அது அதிகம் உணராது என்பதை மேலே பார்த்தோம். இரவு ஏழு முதல் பதினொரு மணிவரை, புகை மிக அதிகமாக மூக்கை எட்டும் நேரத்தில், விர்ஸ் கருவி கொண்ட செயற்கைக்கோள்கள் எதுவும் வருவதில்லை. இன்சாட்டுக்கு இருட்டில் வெப்பப் படம் மட்டும் உண்டு. அதன் புள்ளி 4 கிலோமீட்டர், ஒரு தோட்டத்துச் சருகுக் குவியலை அதில் தேட முடியாது.

பஞ்சாபில் இந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது. வைக்கோல் தீப்புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைவதாக எண்ணிக்கை காட்டியது. காற்றின் மாசு அதற்கேற்பக் குறையவில்லை. 2024-ல் நாசாவைச் சேர்ந்த ஹிரேன் ஜேத்வா, தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த படங்களைப் பார்த்து, முனைச் செயற்கைக்கோள் கடந்த பிறகே, மாலையை நோக்கி, தீ பெருகுவதைக் காட்டினார்.

விளவங்கோடு, நெய்யாற்றின்கரைத் தோட்டங்களில் ரப்பர் இலை உதிர்ந்து காய்வது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கூட்டிக் குவித்த சருகுக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான் தீ வைக்கிறார்கள். பகலில் வைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்குப் பாயும் என்ற சரியான பயம் அதற்குக் காரணம். செங்கல் சூளைகளும் ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைப்புரைகளும் இரவு முழுக்கப் புகைகின்றன. வனத்துறை தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவது காட்டுக்குள். இந்தத் தீக்கள் காட்டுக்கு வெளியே, எந்தத் துறையின் எச்சரிக்கைப் பட்டியலிலும் ஏறாத அளவில் சிறியவை. மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் இதே நிலைதான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. அகத்தியர்மலைக் காடும் அப்படியே பிரிந்து, ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறையும் கன்னியாகுமரிச் சரணாலயமும், மறுபக்கம் நெய்யாறும் பேப்பாறையுமாக வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ் நிற்கிறது. பின்னோக்குப் பாதை இந்த எல்லைக்கோட்டை ஒரே இரவில் இரண்டு முறை கடக்கக்கூடும்.

எனவே, இரவு பத்து மணிக்குப் பாறசாலையில் வாடை பட்டால், செயற்கைக்கோள் வரைபடத்தில் அன்றைய சிவப்புப் புள்ளிகளைத் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு. வாடை வந்த நேரத்தையும் காற்று வந்த திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் முற்பகலில் கடற்காற்று எழும்போது வாடை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால், இரவில் புகை கடல்வரை போயிருக்கிறது. வழியில் உள்ள ஒரு சருகுக் குவியலாக இருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது, மலையிலோ பல தோட்டங்களிலோ சேர்ந்து எரிந்திருக்க வேண்டும். அப்போது பின்னிரவு ஒன்றரை மணிப் படத்தில் அகத்தியர்மலைச் சரிவைப் பார்க்கலாம். அங்கே கனன்றுகொண்டிருக்கும் புள்ளி இருந்தால் தீ மலையில். புள்ளி இல்லையென்றால், பகல் படங்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மாலை ஆறு மணிக்குப் பிறகு நம் தோட்டங்களில் எரிந்ததைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.